காலேஜ் முடிஞ்சதும் கடைக்கா, வீட்டுக்கா? படிக்கும்போதே சம்பாதிக்க நினைப்பவர்கள் போட வேண்டிய கணக்கு

மதியம் ஒன்றரை மணி. முதல் ஷிஃப்ட் முடிந்து ஒரு கூட்டம் வெளியே வர, இரண்டாம் ஷிஃப்ட் கூட்டம் உள்ளே போகிறது. கல்லூரி வாசலில் சர்பத் கடையைச் சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம் இல்லை. வேலைக்குப் போகும் அவசரம். ஜெராக்ஸ் கடை, மெடிக்கல் ஷாப், ஜவுளிக்கடை, டெலிவரி என ஆளுக்கொரு திசையில் கிளம்புகிறார்கள். இன்னும் சிலர் வீட்டுக்கே போகிறார்கள். ஆனால், அங்கே கேக் ஆர்டரோ, ஆரி ஒர்க் ப்ளவுஸோ காத்திருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திருச்சியில் பி.காம் இரண்டாம் ஆண்டு. காலை ஷிஃப்ட். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். செமஸ்டருக்கு ஃபீஸ் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதியை அப்பா புரட்டிவிடுவார். மீதி 7,500 ரூபாய்க்கும், தன் கைச்செலவுக்கும் அவளே வழி பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அக்கவுன்ட்டில் விழுகிறது. அது செல்போன் ரீசார்ஜ், நோட்டு, ஜெராக்ஸ் என்று கரைந்துவிடும்.

அவளுக்கு முன்னால் இரண்டு வழிகள். என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் மதியம் மூன்று முதல் இரவு எட்டு வரை சேல்ஸ் வேலை. அல்லது, ப்ளஸ் டூ லீவில் கற்றுக்கொண்ட ஆரி ஒர்க்கை வீட்டிலேயே பிசினஸாகச் செய்வது.

அம்மா வீட்டிலேயே இருக்கச் சொல்கிறார். அப்பாவுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. ``படிக்கிற வயசுல படி. சம்பாதிக்கிறது அப்புறம்" என்கிறார். ஆனால், ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி நெருங்கும்போது அவரும் அமைதியாகிவிடுவார். தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் கதைதான் இது.

எதில் காசு அதிகம்?

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். நம் ஊரில் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் யாரும் செலவழிப்பதில்லை.

கடையில் மாதம் 6,500 ரூபாய் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தினம் 5 மணி நேரம், மாதம் 26 நாள். மொத்தம் 130 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய். பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் பயணச் செலவு கிடையாது. ஆனால், போக வர தினம் ஒரு மணி நேரம் போகும். அதையும் சேர்த்தால் 156 மணி நேரம். அப்படிப் பார்த்தால் மணிக்குச் சுமார் 42 ரூபாய்தான்.

இப்போது ஆரி ஒர்க். ஒரு ப்ளவுஸுக்கு 2,500 ரூபாய் வாங்குகிறாள் என்று வையுங்கள். ஜரி நூல், சில்க் த்ரெட், பீட்ஸ், குந்தன் ஸ்டோன் என மெட்டீரியல் 600 ரூபாய். கடைக்குப் போய் வர, போன் பேச, கவர் வாங்க என்று இன்னொரு 100. கையில் நிற்பது 1,800. டிசைன் ட்ரேஸ் செய்து, ஸ்டாண்டில் துணியை இழுத்துக் கட்டி, போட்டு முடிக்க 30 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய்.

`அப்போ வீட்டு பிசினஸ்தான் லாபம்' என்று முடிவெடுக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். கடையில் 12 மாதமும் சம்பளம் வரும். வருடத்துக்கு 78,000 ரூபாய். ஆரியில் மாதா மாதம் ஆர்டர் வராது. வருடத்துக்கு 20 ப்ளவுஸ் கிடைத்தால் 36,000 ரூபாய். அதிலும் ஸ்டாண்ட், ஊசி, முதல் மெட்டீரியல், அடுத்த கட்டப் பயிற்சி என 8,000 ரூபாய் முதல் போட்டிருந்தால், முதல் நான்கைந்து ப்ளவுஸ்கள் அந்தக் கடனை அடைக்கத்தான் சரியாக இருக்கும்.

சரி, கடைதான் என்றும் சொல்லிவிட முடியாது. அந்த 78,000 ரூபாய்க்காக அவள் கொடுப்பது வருடத்துக்கு 1,872 மணி நேரம். ஆரிக்குக் கொடுப்பது 600 மணி நேரம். இடையில் இருக்கும் 1,272 மணி நேரம்தான் படிப்பு, தூக்கம், தோழிகள், டைப்பிங் க்ளாஸ், டி.என்.பி.எஸ்.சி தயாரிப்பு எல்லாம். வேலையா, பிசினஸா என்று முடிவெடுக்கும்போது அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் பேரம் பேசுகிறோம்.

எண்களை உங்கள் ஊருக்கும், உங்கள் தொழிலுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஹோம்மேட் கேக் என்றால் மாவு, வெண்ணெய் விலையோடு கேஸ், கரன்ட், பாக்ஸ், டெலிவரிக்குப் போன பெட்ரோல் எல்லாம் கணக்கில் வர வேண்டும். முக்கியமாக, உங்கள் உழைப்புக்கும் ஒரு கூலி போடுங்கள். `என் வேலைதானே, அதுக்கென்ன காசு' என்று விட்டுவிடுவதால்தான் பல வீட்டு பிசினஸ்கள் லாபத்தில் ஓடுவதுபோலவே தெரிகின்றன.

காலண்டரில் இருக்கிறது சூட்சுமம்

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை எடுத்து, பக்கத்தில் காலேஜ் காலண்டரை வையுங்கள். பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று அங்கே தெரியும்.

தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வுகள் நவம்பர் - டிசம்பரிலும், ஏப்ரல் - மே மாதங்களிலும் நடக்கின்றன. நவம்பர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். தீபாவளியும் ஐப்பசியை ஒட்டியே வரும். முகூர்த்தங்களும் அப்போதுதான் குவியும். ஏப்ரல் பாதியிலிருந்து சித்திரை, அடுத்து வைகாசி. மறுபடியும் கல்யாண சீசன். அதாவது, ஆரி ஒர்க், மெஹந்தி, பிரைடல் மேக்கப், ஸ்வீட் பாக்ஸ், கேக் என எந்த வீட்டு பிசினஸாக இருந்தாலும், போன் ஓயாமல் அடிக்கும் வாரங்களும் தேர்வு வாரங்களும் ஏறக்குறைய ஒன்றே.

கடை வேலைக்குப் போனால் தப்பிக்கலாமா என்றால், அதுவும் இல்லை. ஜவுளிக்கடைக்குத் தீபாவளிதான் உயிர். அந்த மூன்று வாரம் லீவு கேட்டால் முதலாளி முகம் மாறும். `காலையிலேயே வந்துடும்மா, ஓ.டி போட்டுத் தர்றேன்' என்பார். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தேர்வெழுத 75 சதவிகித அட்டெண்டன்ஸ் கேட்கின்றன. அதற்குக் கீழே போனால் அபராதம் கட்டி அனுமதி வாங்க வேண்டியிருக்கும். ரொம்பவும் குறைந்தால் அந்த செமஸ்டரையே இழக்க வேண்டியதுதான். மூன்று வாரம் ஓ.டி பார்த்த காசு ஒரு செமஸ்டர் ஃபீஸைவிடக் குறைவு என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

ஆனால், வீட்டு பிசினஸில் ஒரு வசதி உண்டு. கல்யாணம் ஐப்பசியில் என்றாலும், ப்ளவுஸை ஐப்பசியில்தான் போட வேண்டும் என்று இல்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால், ஆவணிக் கல்யாணத்துக்கான வேலையை ஆடியில் முடிக்கலாம். காலேஜ் திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். படிப்புச் சுமையும் குறைவு. ஐப்பசி ஆர்டர்களைப் புரட்டாசியிலேயே வாங்கிவிடலாம். மார்கழியில் செமஸ்டர் லீவு வரும். தை முகூர்த்த ப்ளவுஸ்களுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. சித்திரைக்கான வேலை பங்குனியில். ஆக, ஊர் சும்மா இருக்கும் மாதங்களில் வேலை செய்து, ஊர் பரபரக்கும் மாதங்களில் படிக்க முடியும்.

இதற்கு ஒரே நிபந்தனை, முன்கூட்டியே ஆர்டர் பிடிக்க வேண்டும். `எக்ஸாம் நேரத்துல ஆர்டர் எடுக்க மாட்டேன்' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முதலிலேயே போட்டுவிட வேண்டும். கேக்குக்கு இந்த வித்தை பலிக்காது. பிறந்த நாளை யாரும் முன்னாடி கொண்டாட மாட்டார்கள். சாம்பார் பொடி, பருப்புப் பொடி, வத்தல், வடகம், டெரகோட்டா நகை, க்ரோஷே பை போன்றவற்றுக்குப் பலிக்கும். தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போதே, `இதை முன்னாடியே செஞ்சு வெச்சுக்க முடியுமா?' என்ற ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம்.

`வீட்லதானே இருக்கே...'

பெண் பிள்ளைகள் என்றால் `வீட்டிலேயே ஏதாவது செய்' என்றும், ஆண் பிள்ளைகள் என்றால் `எங்கேயாவது போய் சம்பாதி' என்றும் சொல்வது இன்னும் மாறவில்லை. அதனால், பல மாணவிகளுக்கு வீட்டு பிசினஸ் என்பது அவர்களே தேர்ந்தெடுத்தது அல்ல. வெளியே அனுப்ப மாட்டார்கள் என்பதால் மிச்சமிருக்கும் ஒரே கதவு. அதை பிசினஸ் ஆர்வம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

கடைக்குப் போகிறவளுக்கு எட்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். வீட்டில் ஸ்டாண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு அப்படி இல்லை. தண்ணீர் லாரி வந்தால் குடம் எடுத்து ஓட வேண்டும். விருந்தாளி வந்தால் காபி போட வேண்டும். தம்பிக்குப் பசித்தால் தோசை ஊற்ற வேண்டும். ``வீட்லதானே இருக்கே" என்ற ஒரு வார்த்தையில் அவள் வேலை, வேலை இல்லை என்றாகிவிடும். 30 மணி நேர ப்ளவுஸ் 40 மணி நேரம் இழுக்கும். மணிக்கு 60 ரூபாய் என்று நாம் போட்ட கணக்கு 45 ரூபாய்க்கு இறங்கிவிடும்.

அடுத்தது சொந்தக்காரர்கள். ``எங்கிட்டயே காசு வாங்குவியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். முதல் ப்ளவுஸை அத்தை மகளுக்குச் சும்மா போட்டுக் கொடுக்கலாம், விளம்பரம் மாதிரி. இரண்டாவதிலிருந்து பாதிப் பணம் அட்வான்ஸ் என்பதைப் பழக்கமாக்கிவிட வேண்டும். ஏனென்றால், துணி வாடிக்கையாளருடையது. பட்டு ப்ளவுஸில் பசை வழிந்துவிட்டால் புதுத் துணிக்குக் காசு கொடுக்க வேண்டியது அந்த மாணவிதான். அட்வான்ஸ் வாங்காமல் வேலை செய்தால் நஷ்டம் முழுவதும் ஒரே பக்கம் நிற்கும்.

சம்பாதித்த காசு யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அம்மாவின் ஜி-பே நம்பரைக் கொடுத்துவிட்டு, கேஸ் சிலிண்டருக்கும் சீட்டுக்கும் அந்தப் பணம் போய்விட்டால், அடுத்த ப்ளவுஸுக்கு நூல் வாங்க மறுபடி அம்மாவிடமே கேட்க வேண்டிவரும். 18 வயது ஆனவர்கள் தங்கள் பெயரில் தனி சேமிப்புக் கணக்கு வைத்துக்கொண்டு, பிசினஸ் பணத்தை மட்டும் அதில் வாங்குவது நல்லது. வீட்டுக்குக் கொடுப்பதைக் கொடுக்கலாம். எவ்வளவு கொடுத்தோம் என்று தெரிந்தால் போதும்.

கடை வேலைக்கும் சில கண்டிஷன் உண்டு

வேலைக்குப் போவதில் வேறு லாபங்கள் இருக்கின்றன. ஸ்டாக் பார்ப்பது, பில் போடுவது, கோபமாக வரும் கஸ்டமரைச் சமாளிப்பது எல்லாம் பி.காம் புத்தகத்தில் இல்லாத பாடங்கள். பின்னாளில் சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு, அடுத்தவர் முதலீட்டில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு இது.

ஆனால், சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், வாராந்திர லீவு எது என்பதை வாயால் பேசி முடிக்காதீர்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் தராவிட்டாலும், குறைந்தபட்சம் ஒரு வாட்ஸ்அப் மெசேஜாகவாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை, டி.சி-யை யாரிடமும் அடமானம்போலக் கொடுக்க வேண்டாம். ஜெராக்ஸ் போதும். கடை ஊழியர்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கக் கூடாது, உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ம் ஆண்டு திருத்தம் கொண்டு வரப்பட்டது. பகுதி நேரமாக வரும் மாணவர்களும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய சட்டம் அது.

பைக் வைத்திருக்கும் பையன்கள் அதிகம் போவது டெலிவரிக்கு. நேரம் நம் கையில் இருக்கும் என்பது இதன் ஈர்ப்பு. தேர்வு நாளில் ஆப்பை ஆஃப் செய்துவிடலாம். ஆனால், ஒரு மாலையில் 60 கிலோமீட்டர் ஓடினால், 45 கிலோமீட்டர் மைலேஜ் தரும் வண்டிக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் பெட்ரோல் போகும். டயர், ஆயில், சர்வீஸ் தனி. அவற்றைக் கழிக்காமல் ஆப்பில் தெரியும் தொகையைச் சம்பாத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. வண்டியின் இன்ஷூரன்ஸ் சொந்த உபயோகத்துக்கு எடுத்ததாக இருந்தால், டெலிவரியின்போது விபத்து நடந்தால் க்ளெய்ம் கிடைக்குமா என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2023-ல் நல வாரியம் அமைத்திருக்கிறது. டெலிவரிக்குப் போகும் மாணவர்கள் அதில் பதிவு செய்துகொள்ளலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. ட்யூஷன். வீட்டிலேயே நடக்கும், ஆனால் நேரம் நிலையானது. மாதா மாதம் ஃபீஸ் வரும். முதலீடு ஒரு கரும்பலகை. பள்ளிப் பொதுத்தேர்வுகள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் தொடக்கத்தோடு முடிந்துவிடுவதால், அதன் பிறகு காலேஜ் தேர்வுக்குப் படிக்க நேரம் கிடைக்கும். `இது ஒரு பிசினஸா?' என்று யாரும் கேட்டுவிடுவார்களோ எனத் தயங்க வேண்டாம். மேலே போட்ட மணிக்கணக்கைப் போட்டுப் பார்த்தால், எட்டு பிள்ளைகள் வந்தாலே கடைச் சம்பளத்தோடு போட்டி போடக்கூடிய தொழில் இது.

சின்ன பிசினஸுக்கும் பேப்பர் வேலை

`லைசென்ஸ் எல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே' என்று பலர் நினைக்கிறார்கள். சாப்பிடும் பொருள் எதை விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு தேவை. வீட்டு அடுப்பில் செய்யும் கேக்குக்கும் மிளகாய்ப் பொடிக்கும் இது பொருந்தும். 2011-ம் ஆண்டு விதிகளின்படி, வருடத்துக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்பனை செய்யும் சிறு வியாபாரிகளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. அடிப்படைப் பதிவு போதும். அதற்கான கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.

உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும். அரசு இணையதளம்போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தனியார் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. காசு கேட்டால் தவறான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

ஜி.எஸ்.டி-யைக் கண்டு பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவர்களுக்கு வருட விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். சேவைக்கு 20 லட்சம். ஆனால், வெளி மாநிலத்துக்குப் பொருளை அனுப்பினால், சில கைவினைப் பொருள்களைத் தவிர, விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு தேவைப்படும். இன்ஸ்டாகிராமில் பெங்களூரு கஸ்டமர் ஆர்டர் கொடுத்தால் சந்தோஷத்தோடு இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஆன்லைன் தளங்கள் மூலம் சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு 2023 அக்டோபர் முதல் விலக்கு உண்டு. அவர்கள் ஜி.எஸ்.டி தளத்தில் ஒரு என்ரோல்மென்ட் எண் வாங்கினால் போதும்.

தொழில் கற்றுக்கொள்ள ஆயிரக்கணக்கில் ஃபீஸ் கட்டும் முன்பு, உங்கள் மாவட்டத்தில் இருக்கும் ஆர்செட்டி எனப்படும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள். வங்கிகள் நடத்தும் இந்த நிலையங்களில் கிராமப்புற இளைஞர்களுக்குப் பயிற்சியும் சாப்பாடும் இலவசம்.

பணம் கேட்டால் அது வேலை அல்ல

இந்தப் பகுதியைப் பெற்றோரும் படிக்க வேண்டும். `வீட்டிலிருந்தே தினம் 3,000 ரூபாய்' என்று வரும் மெசேஜ்களுக்கு முதலில் மாட்டுவது மாணவர்கள்தான். வீடியோவுக்கு லைக் போட்டால் 150 ரூபாய் என்பார்கள். முதல் இரண்டு முறை உண்மையிலேயே பணம் வரும். மூன்றாவது முறை, `பிரீமியம் டாஸ்க்குக்கு 5,000 கட்டுங்கள்' என்பார்கள். அங்கிருந்து ஆரம்பிக்கும் நஷ்டம். டேட்டா என்ட்ரியில் வேறு மாதிரி. நூற்றுக்கணக்கான பக்கங்கள் டைப் செய்ய வைத்து, தவறு இருக்கிறது, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று வக்கீல் நோட்டீஸ் போன்ற ஒன்றை அனுப்பி மிரட்டுவார்கள். பயந்துபோய் பணம் கட்டாமல், வீட்டில் சொல்லுங்கள்.

இவற்றைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. `உன் பேங்க் அக்கவுன்ட்டைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தர்றோம்' என்பது. வேலையே இல்லாமல் காசு என்று தோன்றும். அந்தக் கணக்கில் வந்து போவது வேறு யாரிடமோ ஏமாற்றிய பணம். போலீஸ் தேடி வரும்போது, கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஃபீஸ் கட்ட வழி தேடியவர், வழக்குக்கு அலைய வேண்டியிருக்கும்.

ஆள் சேர்த்தால் கமிஷன் என்று சீனியர்களே வந்து பேசுவதும் நடக்கிறது. 2021-ம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளின்படி, விற்பனையாளராகச் சேர்வதற்கு நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது. கேட்டால் எழுந்து வந்துவிடலாம். ஏற்கெனவே பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு அதிகம்.

ரெகுலரை விட்டுவிடலாமா?

ஆர்டர் நன்றாக வர ஆரம்பித்ததும் வரும் யோசனை இது. `தொலைதூரக் கல்விக்கு மாறிட்டா முழு நேரமும் பிசினஸ் பார்க்கலாமே.' தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ போன்றவை இருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி-யும் சொல்லியிருக்கிறது. குடும்பத்தின் முழு பாரமும் தலையில் விழுந்தவர்களுக்கு இது நல்ல வழி.

மற்றவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். தொலைதூரக் கல்விக்கு மாறினால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் போன்ற உதவித்தொகை கிடைக்காமல் போகும். கேம்பஸ் இன்டர்வியூ இருக்காது. நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி வழியாக வரும் பயிற்சிகளும் கைநழுவும். நான்கு மாத ஆர்டரை நம்பி மூன்று வருடப் படிப்பின் வடிவத்தை மாற்றுவதற்கு முன்பு, ஒரு முழு வருடக் கணக்காவது நோட்டில் இருக்க வேண்டும். ஆடி, மார்கழி உட்பட.

மீண்டும் திருச்சி மாணவிக்கு வருவோம். ஃபீஸ் கட்ட ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் அவளுக்குக் கடைதான் சரி. ஆரியில் அத்தனை சீக்கிரம் 7,500 ரூபாய் கையில் நிற்காது. இந்த செமஸ்டர் ஃபீஸ் எப்படியோ கட்டியாகிவிட்டது, அடுத்ததுதான் கவலை என்றால் ஸ்டாண்டை விரிக்கலாம். மே, ஜூன் லீவில் மட்டும் கடைக்குப் போய் ஆரிக்கான முதலைச் சேர்க்கவும் செய்யலாம். கடையில் ப்ளவுஸ் துணி வாங்க வரும் பெண்கள் எந்த டிசைனைக் காட்டச் சொல்கிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே சம்பளம் வாங்குவது கூடுதல் லாபம்.

ஐப்பசி பிறந்து ஒரு வாரம். தினசரி காலண்டரில் முகூர்த்த நாள்களைச் சிவப்பு வட்டமும், தேர்வு நாள்களை நீல வட்டமும் போட்டு வைத்திருக்கிறாள். இரண்டு தாள்களில் சிவப்பும் நீலமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. போன் அடிக்கிறது. அடுத்த தெரு அக்கா. தங்கச்சி கல்யாணம், மூணு ப்ளவுஸ், அவசரம்.

``இல்லக்கா, அந்த வாரம் எக்ஸாம். ஒண்ணு வேணா இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுத் தர்றேன். மத்த ரெண்டுக்கும் என்கூட கிளாஸ் படிச்ச பொண்ணு நம்பர் அனுப்பறேன். நல்லா போடுவா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, ``சரி, பொண்ணு ப்ளவுஸ் மட்டும் நீ போடு. அட்வான்ஸ் எவ்வளவு அனுப்பட்டும்?"